சிறு ஆர்.என்.ஏ. எங்கே போனது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈ. கோலை பாக்டீரியாவில் இரும்பு குறையும்போது ரைஹெச்பி என்ற சிறு ஆர்.என்.ஏ. பெருகுவதை அளக்க முயலும் ஆய்வு மாணவி நான். இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும் டைபிரிடில் 250 மைக்ரோமோலார் சேர்த்து 15 நிமிடம் வளர்த்தேன். அறை வெப்பநிலையில் மையவிலக்கியில் 10 நிமிடம் சுற்றி, புது எல்.பி. வளர்ப்பு ஊடகத்தில் இரண்டு முறை கழுவி, வடிகுழல் (column) கிட்டில் ஆர்.என்.ஏ. பிரித்தேன். தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2.05. ஆனால் பெருக்கி அளக்கும் கியூ-பி.சி.ஆரில் டைபிரிடில் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ஆர்.டி. நொதி சேர்த்த குழாயிலும் சேர்க்காத குழாயிலும் சி.டி. (சமிக்ஞை தெரியத் தொடங்கும் சுற்று) 24தான். கிட்டை மாற்றவேண்டுமா? இன்னொன்று, தோழி சால்மோனெல்லாவில் பிரித்த ஆர்.என்.ஏ.வில் 23எஸ் என்ற ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் பட்டையே ஜெல்லில் காணோம். சிதைந்துவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிட்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் உங்கள் ரைஹெச்பி கிட்டுக்குள் போவதற்கு முன்பே தொலைந்துவிட்டது.

மூன்று முறை சுற்றியதில் அரை மணி நேரம் போயிருக்கும். அதுவரை செல்கள் உயிரோடுதான் இருந்தன. ஈ. கோலையின் தூது ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பாலானவற்றின் அரை ஆயுளே சில நிமிடங்கள். போதாக்குறைக்கு எல்.பி.யில் இரும்பு உண்டு. டைபிரிடிலைக் கழுவி எடுத்துவிட்டு இரும்பை ஊட்டியிருக்கிறீர்கள். இரும்பு கிடைத்ததும் ஃபர் புரதம் அதோடு சேர்ந்து ரைஹெச்பியின் படியெடுப்பை நிறுத்திவிடும். அதற்குமுன் உண்டான கையிருப்பும் தங்காது. ரைஹெச்பி ஹெச்எஃப்கியூ புரதத்தின் துணையோடு சோட்-பி போன்ற தூது ஆர்.என்.ஏ.வுடன் இணையும். ஆர்.என்.ஏஸ்-ஈ நொதி இரண்டையும் சேர்த்தே அழிக்கும். மாஸ்ஸேயும் காட்ஸ்மனும் குழுவினரும் 2003-இல் காட்டியது இது. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் என்ன மிஞ்சும்? (படியெடுப்பையே மொத்தமாக நிறுத்தும் ரிஃபாம்பிசின் போட்டு இதன் ஆயுளை அளந்தால் நீண்டதாகத் தெரியும். இலக்கு ஆர்.என்.ஏ.வும் வராமல் நின்றுபோவதுதான் காரணம். அந்த எண்ணை நம்பவேண்டாம்.)

ஆகவே கழுவவே கூடாது. குளிரில் சுற்றினால் போதுமென்று சிலர் சொல்வார்கள். திடீர்க் குளிரே மரபணு வெளிப்பாட்டை மாற்றிவிடும். 95 சதம் எத்தனால், 5 சதம் அமில ஃபீனால் கலந்து பனிக்கட்டியில் வையுங்கள். அதில் 2 மில்லி உள்ள குழாயில் 10 மில்லி வளர்ப்பை நேராக ஊற்றிக் கலக்குங்கள். அந்தக் கணத்தில் எல்லாம் நின்றுவிடும். 5 நிமிடம் பனிக்கட்டியில் வைத்து, பிறகு நிதானமாகச் சுற்றலாம். வீழ்படிவை மைனஸ் 80-இல் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். டைபிரிடில் போடாத குழாய்க்கு அதைக் கரைத்த எத்தனாலை அதே அளவு சேர்க்க மறக்காதீர்கள்.

அடுத்தது அந்த வடிகுழல். ரைஹெச்பியின் நீளம் சுமார் 90 நியூக்ளியோடைடு. சாதாரண சிலிக்கா வடிகுழல்கள் பல, 200-க்குக் குறைந்தவற்றைப் பிடிப்பதில்லை. வெந்நிலை ஃபீனால் முறைக்கு வாருங்கள். 20 மில்லிமோலார் சோடியம் அசிடேட் (பிஹெச் 5.5), 0.5 சதம் எஸ்.டி.எஸ்., 1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. கலந்த கரைசல் அரை மில்லியில் செல்களைக் கலக்கி, 65 டிகிரியில் அதே அளவு அமில ஃபீனாலோடு 10 நிமிடம் அவ்வப்போது குலுக்குங்கள். ஃபீனாலின் பிஹெச் முக்கியம்: 8 ஆக இருந்தால் டி.என்.ஏ.வும் நீர் அடுக்கிலேயே நின்றுவிடும். இந்தக் கட்டத்தில் பனிக்கட்டியில் வைத்தால் எஸ்.டி.எஸ். உறைந்து வெண்மையாகப் படியும், அறை வெப்பத்திலேயே சுற்றுங்கள். மேலடுக்கை எடுக்கும்போது பேராசை வேண்டாம், இடைப்படலத்துக்கு மேல் கொஞ்சம் விட்டுவிடுங்கள். இன்னொரு முறை ஃபீனால், ஒரு முறை குளோரோஃபார்ம், பிறகு பத்தில் ஒரு பங்கு 3 மோலார் சோடியம் அசிடேட், இரண்டரை மடங்கு எத்தனால், இரவு முழுக்க மைனஸ் 20.

சி.டி. இரண்டிலும் 24 என்றால் நீங்கள் அளந்தது முழுக்க டி.என்.ஏ. இன்ட்ரான் (மரபணுவில் பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி) இடைவெளியைத் தாண்டும்படி பிரைமர் போட்டுத் தப்பிக்கும் வழி பாக்டீரியாவில் கிடையாது. 10 மைக்ரோகிராமுக்கு 2 யூனிட் டி.என்.ஏ.வை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி, 37 டிகிரியில் 30 நிமிடம். நிறுத்தும்போது முதலில் 5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., அதன் பிறகே 75 டிகிரி. மக்னீசியம் கட்டப்படாமல் இருக்கும்போது சூடாக்கினால் ஆர்.என்.ஏ.வே துண்டாகும். ஆர்.டி. சேர்த்த குழாய்க்கும் சேர்க்காத குழாய்க்கும் 10 சுற்று வித்தியாசமாவது வரவேண்டும், அதாவது ஆயிரம் மடங்கு. 2.05 என்ற விகிதம் புரதம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. நீளத்தையோ முழுமையையோ அது சொல்லாது.

உண்மையில் 90 நியூக்ளியோடைடுக்கு கியூ-பி.சி.ஆரை விட, ஆர்.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டிப் பட்டையாகக் காட்டும் நார்தர்ன் முறை நல்லது. 7 மோலார் யூரியா கலந்த 8 சத பாலிஅக்ரிலமைட் ஜெல்லில் 5 மைக்ரோகிராம் போடுங்கள், ஒப்பீட்டுக்கு 5எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. பட்டையின் நீளத்தைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

தோழியின் ஆர்.என்.ஏ.வைக் கொட்டிவிடவேண்டாம். சால்மோனெல்லாவின் 23எஸ்ஸில் இடைச்செருகல்கள் உண்டு. ஆர்.என்.ஏஸ்-III அவற்றை வெட்டி எடுத்துவிடும். துண்டுகள் ஒட்டப்படுவதில்லை, ரைபோசோம் அப்படியே வேலை செய்யும். ஜெல்லில் 16எஸ் பட்டை தெளிவாக, கீழே இழுவல் இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.