வாசகர் வினா–விடை: சாமுராய்க்குப் பாட்டு எதற்கு?

ஜப்பானிய அரசவை வாழ்க்கையைக் களமாகக் கொண்ட படக்கதைகளையும் அனிமே தொடர்களையும் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து இம்முறை பல கேள்விகள் வந்திருப்பதால், இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் பார்க்கும் தொடரில், அடுக்கடுக்காகப் பட்டுடுத்திய அரசவைப் பெண்களும் இடுப்பில் இரட்டை வாள் செருகிய சாமுராய்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து கவிதை சொல்கிறார்கள். அப்படி ஒரு காலம் இருந்ததா?
— ஆசிரியை, கானாடுகாத்தான்

பதில்: இரு சாராரும் வரலாற்றில் இருந்தவர்களே, ஆனால் கதைகள் காட்டும் அந்த இரண்டு கோலங்களும் வெவ்வேறு காலத்தவை. அடுக்குப் பட்டும் திரைமறைவுக் காதலும் 794 முதல் 1185 வரையிலான ஹெய்யான் காலத்துக்கு உரியவை. முராசாகி ஷிகிபு என்ற அரசவைப் பெண்மணி 'கெஞ்சி கதை' என்ற புதினத்தை எழுதியது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அன்றைய வீரர்கள் பெரும்பாலும் குதிரையேறி அம்பு எய்தவர்கள். அவர்களுடைய முதன்மைப் படைக்கலம் வில். மினாமோட்டோ நோ யோரிட்டோமோ, பேரரசரின் பெயரால் நாடாளும் படைத்தலைவருக்குரிய ஷோகன் பட்டம் பெற்று ஆட்சியைக் காமாகுராவில் நிலைப்படுத்தியது 1192இல்தான். இரட்டை வாள் ஒரு வகுப்பின் அடையாளமாகச் சட்டப்படி இறுகியதோ 1603இல் தொடங்கிய தோக்குகாவா குலத்து ஷோகன்களின் ஆட்சியில். ஆயினும் உங்கள் மகள் பார்க்கும் அந்தக் கூடம் முழுக் கற்பனை அன்று. 14ஆம் நூற்றாண்டில் ஆஷிகாகா ஷோகன்கள் கியோட்டோவிலேயே குடியமர்ந்த பிறகு, பிரபுக்களின் பாட்டையும் நறும்புகையையும் பந்தாட்டத்தையும் வீரர்கள் முறையாகக் கற்றுக்கொண்டார்கள். கதாசிரியர் அந்த நூற்றாண்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் குழப்பம் பெரும்பகுதி நீங்கியிருக்கும்.

கேள்வி: நான் படித்த கதையில் பந்து விளையாடும் ஒரு சிற்றரசனைக் கோழையாகவும் கோமாளியாகவும் காட்டுகிறார்கள். உண்மையில் வாள் பிடிக்கத் தெரியாதவர்கள்தாம் இப்படிப் பொழுதைக் கழித்தார்களா?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: வெகுசனப் புனைவு வரலாற்றுக்குச் செய்த பெரிய அநீதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் சொல்வது இமாகாவா உஜிசானேவைப் போன்ற ஒருவரின் சித்திரமாக இருக்கலாம். அவருடைய தந்தை யோஷிமோட்டோ 1560இல் ஒகேஹசாமா போரில் ஓடா நொபுனாகா என்ற எதிரிச் சிற்றரசரின் படையால் கொல்லப்பட்டார்; அடுத்த பத்தாண்டுக்குள் மகன் நாட்டையும் இழந்தார். எனவே தந்தைக்கு முகத்தில் வெள்ளைப் பூச்சும் பல்லில் கறுப்பு மையும் தீட்டி, மகன் கையில் பந்தைக் கொடுத்து, 'அரசவைப் பகட்டில் அழிந்த குடும்பம்' என்று முடித்துவிடுவது கதைகளில் வழக்கமாகிவிட்டது.

கெமாரி என்னும் அந்த ஆட்டத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு மூலைகளிலும் மரம் நட்ட சதுரக் களத்தில் வழக்கமாக எட்டுப் பேர் நின்று, மான் தோலால் செய்த பந்தைத் தரையில் விழாமல் காலால் உதைத்துக்கொண்டே இருப்பார்கள். வென்றவரும் தோற்றவரும் அதில் இல்லை. அடுத்தவர் எளிதாக ஏற்கும்படி பந்தைக் கொடுப்பதுதான் திறமை. இதைப் பரம்பரைக் கலையாகக் கற்பித்த அசுகாய் போன்ற பிரபுக் குடும்பங்கள் கியோட்டோவில் இருந்தன. சிற்றரசன் ஒருவன் இதைக் கற்றான் என்றால், பேரரசரின் சுற்றத்தோடு சமமாக நின்று பேசும் தகுதியைத் தேடிக்கொண்டான் என்று பொருள்.

1575இல் நாடற்றவராகக் கியோட்டோவுக்கு வந்த உஜிசானேவை, நொபுனாகா தம் முன்னால் கெமாரி ஆடிக் காட்டும்படி கேட்டார். ஷோக்கோகுஜி மடத்தில் உஜிசானேவும் பிரபுக்களுடன் சேர்ந்து ஆடினார். தந்தையைக் கொன்றவன் முன்னால் ஆடியதை மானக்கேடு என்று எழுதுகிறவர்கள், அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதில்லை. உஜிசானே 1615 வரை வாழ்ந்தார். நொபுனாகாவோ 1582இலேயே தம் தளபதியின் துரோகத்தால் மாண்டார். உஜிசானேவின் வழித்தோன்றல்கள் ஷோகன் ஆட்சியில், அரசவைச் சடங்குகளைக் கவனிக்கும் உயர் பதவி வகித்துத் தலைமுறை தலைமுறையாக நிலைத்தார்கள். வாளால் காக்க முடியாத குலத்தைக் காத்தது அந்தப் பயிற்சிதான் என்று சொன்னால் மிகையாகாது.

1615இல் தோக்குகாவா அரசு வீரக் குடிகளுக்கு வகுத்த சட்டத்தின் முதல் விதியே, கல்வியிலும் வில், குதிரை முதலிய போர்க்கலைகளிலும் ஒருமனதாக ஈடுபட வேண்டும் என்பதாகும். அதில் கல்விதான் முதலில் நிற்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் வஞ்சினத்தைப் புறநானூற்றில் படித்த நமக்கு, பாட்டுக் கட்டும் வீரன் புதியவன் அல்லன்.

கேள்வி: கம்பன் விழாக் கவியரங்கங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். பாட்டைச் சீட்டாக்கி, பாய்ந்து பாய்ந்து தட்டி எடுக்கும் ஆட்டத்தை ஒரு தொடரில் கண்டு வியந்தேன். அது அரசவை ஆட்டம்தானா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், தேவகோட்டை

பதில்: பாட்டுகள் அரசவையவை, சீட்டு பிற்காலத்தது. ஃபுஜிவாரா நோ டெய்கா என்ற அரசவைக் கவிஞர் 13ஆம் நூற்றாண்டில் 100 கவிஞர்களிடமிருந்து ஆளுக்கு ஒன்றாக 100 பாடல்களைத் தொகுத்தார். அவர்களில் 21 பேர் பெண்கள். சீட்டோ 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. ஆகவே ஹெய்யான் அரண்மனையில் பெண்கள் இந்தச் சீட்டை ஆடுவதாகக் காட்டினால் அது பிழை. இன்றைய போட்டி முறை 1904க்குப் பிறகு உருவானது. 50 சீட்டுகளை ஆளுக்கு 25ஆகப் பரப்பி, அவை கிடக்கும் இடத்தை 15 நிமிடத்தில் மனத்தில் பதித்துக்கொள்வார்கள். வாசிப்பவரோ 100 பாடல்களிலிருந்தும் வாசிப்பார். பாட்டின் முற்பகுதி காதில் விழுந்ததுமே பிற்பகுதி எழுதிய சீட்டை எடுக்க வேண்டும். முதல் அசையைக் கேட்டே இன்னதென்று சொல்லிவிடக்கூடிய பாடல்கள் ஏழு உண்டு.

அரசவையில் உண்மையாக நடந்தது பாட்டுப் போட்டி. 960இல் பேரரசர் முராகாமியின் அவையில், மறைத்த காதல் என்ற பொருளில் தாய்ரா நோ கானெமோரியும் மிபு நோ தாதாமியும் பாடிய இரண்டு பாடல்களில் எது மேல் என்று நடுவரால் முடிவு செய்ய இயலவில்லை. பேரரசர் கானெமோரியின் பாட்டை வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்டு, அதையே வென்றதாக அறிவித்தார்கள். தோற்ற வருத்தத்தில் தாதாமி உணவை மறுத்து இறந்தார் என்பது பின்னாளில் வழங்கிய கதை. டெய்காவின் தொகுப்பில் இரண்டு பாடல்களும் 40, 41 என்று அடுத்தடுத்து இடம்பெற்றிருக்கின்றன.

கேள்வி: நறும்புகையை முகர்ந்து பெயர் சொல்லும் போட்டி கதாசிரியரின் கற்பனைதானே?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: இல்லை. ஐந்து வகை நறுமணக் கட்டையில் வகைக்கு ஐந்து பொட்டலம் கட்டி, எல்லாவற்றையும் கலந்து ஐந்தை மட்டும் எடுத்துப் புகைப்பார்கள். எவை ஒரே மணம், எவை வேறு என்று சொல்ல வேண்டும். சாத்தியமான 52 விடைகளுக்கும் 'கெஞ்சி கதை'யின் 54 அத்தியாயங்களில் முதலும் கடைசியும் நீங்கலான பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். நாம் கூந்தலுக்கு ஊட்டிய அதே அகில்தான் அங்கும் தலைசிறந்த மணம்; நாராவின் கருவூலத்தில் பேரரசர் உடைமையாக இருக்கும் அகிற்கட்டையிலிருந்து 1574இல் நொபுனாகா ஒரு துண்டு வெட்டி எடுத்தது அன்று பெரிய அரசியல் செய்தி.

கேள்வி: கல்யாண ஊர்வலத்தில் சிப்பி நிறைந்த பெட்டி எதற்கு?
— இல்லத்தரசி, கோட்டையூர்

பதில்: ஒரு சிப்பியின் ஓடு தன் இணையோடு மட்டுமே பொருந்தும். 360 சிப்பிகளின் உட்புறத்தில் ஓவியம் தீட்டி, இணை தேடும் ஆட்டமாக ஆடினார்கள். சிற்றரசர் வீட்டு மணப்பெண்ணின் சீர் சாமான்களில் அந்தச் சிப்பிப் பெட்டிகளுக்கே முதலிடம். அவற்றை மணமகன் வீட்டில் ஒப்படைப்பது தனிச் சடங்காக நடந்தது.

கேள்வி: இந்தப் பின்னணியில் தமிழில் ஒரு தொடர்கதை எழுத ஆசை. எங்கே தொடங்கலாம்?
— இளம் எழுத்தாளர், கண்டனூர்

பதில்: 1600ஆம் ஆண்டில், தானாபே கோட்டையில் தொடங்குங்கள். வீரரும் கவிஞருமான முதியவர் ஹோசோகாவா யூசாய் ஏறத்தாழ 500 பேருடன் உள்ளே இருந்தார். வெளியே சுமார் 15,000 பேர் முற்றுகையிட்டார்கள். 905இல் பேரரசர் ஆணையால் தொகுக்கத் தொடங்கிய 'கோகின்' பாடல் நூலுக்கு ஆசானிடமிருந்து மாணவனுக்கு மட்டும் வழிவழியாகச் சொல்லப்பட்ட மறைபொருள் விளக்கம் ஒன்று உண்டு. யூசாய் இறந்தால் அதுவும் அழியும் என்ற நிலை. இளவரசர் தோஷிஹிட்டோவுக்குச் சுவடிகளை அனுப்பிவைத்த யூசாய், கோட்டையைவிட்டு வெளியேற மட்டும் மறுத்தார். இறுதியில் பேரரசர் கோ-யோசெய்யின் தூதர்கள் ஆணையோடு வந்த பிறகே முற்றுகை நின்றது. அங்கே முடங்கிய படை, சில நாளில் செக்கிகஹாராவில் நடந்த பெரும்போருக்குப் போய்ச் சேரவில்லை. முற்றுகையிட்டவர்களிடையிலும் யூசாயிடம் பாட்டுக் கற்றவர்கள் இருந்தார்கள் என்கிறார்கள். கதையை அவர்களில் ஒருவனுடைய கண் வழியாகச் சொல்லுங்கள். கருப்பு உடை அணிந்து கூரையில் தாவும் ஒற்றர்கள் அதற்குத் தேவைப்பட மாட்டார்கள்.