பேட்ஜ் குத்தியாகிவிட்டது, பிள்ளைகள் இனி என்ன செய்வது?

கேள்வி: கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். திருஅவையின் சமூகப் போதனை அடிப்படையில் மாணவத் தலைமைக் குழு ஒன்றை அமைக்கும்படி தலைமை ஆசிரியை என்னிடம் பொறுப்புக் கொடுத்தார். நன்றாகப் படிக்கும் 12 பிள்ளைகளைத் தேர்ந்து, திருப்பலியில் பேட்ஜ் குத்தினோம். மூன்று மாதங்கள் ஆகின்றன. உண்டியல் ஏந்தியதையும் காலை வழிபாட்டில் மன்றாட்டு வாசித்ததையும் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை. விரைவில் ஆய்வுக் குழு வருகிறது. ஒரு பயிற்சி நிறுவனம் ஒரு நாள் முகாம், கையேடு, சான்றிதழ் எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளையும் குழுவில் சேர்க்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். முதலில் அந்தப் பணம் பள்ளியிலேயே இருக்கட்டும். இப்படிப்பட்ட முகாம்கள் பலவற்றில் நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கைதட்டும் விளையாட்டு, மேடைப் பேச்சு, குழுப் பாட்டு, கடைசியில் பெயர் அச்சிட்ட சான்றிதழ். சமூகப் போதனை அட்டைப் படத்தோடு நின்றுவிடும். அட்டையை மட்டும் மாற்றி அதே கையேட்டை வேறொரு பள்ளிக்கு ஆளுமை வளர்ச்சி என்று விற்பார்கள். "ஆய்வுக் குழு இதைத்தான் எதிர்பார்க்கிறது" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். ஆசிரியரின் பயம்தான் அவர்களுடைய முதலீடு. ஆனால் ஆய்வுக்கு வருகிறவர் ஒரு பிள்ளையை அழைத்து, "நீங்கள் சேர்ந்து இந்தப் பள்ளியில் எதை மாற்றினீர்கள்?" என்று கேட்டால், சுவரில் மாட்டிய சான்றிதழ் வாய் திறக்காது.

அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அதற்கு, பிள்ளைகள் கையில் உண்மையான ஒரு முடிவை நீங்கள் ஒப்படைத்திருக்க வேண்டும். உங்கள் குழு மூன்று மாதமாக நகராமல் நிற்பதற்குக் காரணம் பிள்ளைகளின் சோம்பல் அல்ல. தீர்மானிக்க அவர்களுக்கு எதையும் நாம் கொடுக்கவில்லை.

இது நான் கண்டுபிடித்த கொள்கை அல்ல. தொழிலாளர் உரிமைக்காகத் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலிலிருந்து திருஅவையின் இக்காலச் சமூகப் போதனையைக் கணக்கிடுகிறோம். அதன் நாற்பதாம் ஆண்டில், 1931இல், திருத்தந்தை 11ஆம் பயஸ் இன்னொரு மடல் எழுதினார். சிறிய அமைப்புகளால் செய்ய முடிந்ததைப் பெரிய அமைப்புகள் பிடுங்கிக்கொள்வது அநீதி என்று அதில் தெளிவாகச் சொன்னார். இந்தக் கோட்பாட்டுக்குத் தமிழில் பல பெயர்கள் புழங்குகின்றன, பெயரை விடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையால் தீர்மானிக்க முடிந்ததை ஆசிரியர் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் உங்கள் பள்ளியில் அதன் பொருள். இதே கோட்பாட்டை வண்ணத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, உண்டியலின் நிறம் முதற்கொண்டு ஆசிரியர் அறையிலேயே முடிவு செய்கிறோம். எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

ஆகவே தலைமை ஆசிரியையிடம் போய் ஒரே ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இடைவேளை நேரமோ, விளையாட்டுத் திடலோ, நூலக மூலையோ எதுவானாலும் சரி. அதில் பிள்ளைகள் முடிவெடுக்கலாம், அதற்குச் சிறு தொகை உண்டு, அவர்கள் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் பதில் வரும் என்று எழுத்தில் பெறுங்கள். வாய்மொழி போதாது. இதைத் தர மறுத்தால் குழுவுக்கு 'வழிபாட்டு உதவியாளர்கள்' என்று பெயர் மாற்றிவிடுங்கள். அதுவும் நல்ல பணிதான். பிள்ளைகளிடம் பொய் சொன்னதாகவாவது ஆகாது.

பகுதி கிடைத்த பின் செய்ய வேண்டியது எளிது. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களைத் திரட்டிய யோசப் கார்டைன் என்ற குரு அவர்களிடம் கொடுத்தது மூன்று சொற்கள்: பார், சிந்தி, செயல்படு. ஆலையில் நடப்பதைக் குருவானவர் பார்த்துச் சொல்லவில்லை. அங்கே வேலை செய்த இளைஞர்களே பார்த்தார்கள். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலில் இந்த முறையை ஏற்று, இளையோர் இதைக் கற்றுப் பழக வேண்டும் என்றும் எழுதினார்.

முதல் வாரம் பிள்ளைகள் ஒரு நோட்டோடு பள்ளியைச் சுற்றி வரட்டும். இடைவேளையில் தனியாக நிற்பது யார்? பந்து எப்போதும் யார் கையில்? முதல் வகுப்புப் பிள்ளைக்குக் குழாய் எட்டுகிறதா? எந்தக் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை? பெரியவர்கள் எத்தனை முறை நடந்தாலும் கண்ணில் படாதவை இவை. இரண்டாம் வாரம் உட்கார்ந்து, இதில் அதிகம் கஷ்டப்படுவது யார், இயேசு இங்கே நின்றால் யார் பக்கம் நிற்பார் என்று கேளுங்கள். மூன்றாம் வாரம் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்து முடிக்கட்டும். ஐந்து வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு கோட்பாடு என்று அட்டவணை போட்டு உங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கலாம். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். 2004இல் வந்த சமூகப் போதனைத் தொகுப்பே மனித மாண்பு, பொது நன்மை, நான் மேலே சொன்ன 1931ஆம் ஆண்டுக் கோட்பாடு, தோழமை ஆகியவற்றைத்தான் நிலையான கோட்பாடுகளாகக் கொள்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களும் அதிகம். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தைக் கதையாகச் சொல்லுங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டார்கள்; முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களை அடக்கவில்லை. "நீங்களே எழுவரைத் தேர்ந்தெடுங்கள்" என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். அந்த எழுவருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இங்கேதான் உங்கள் தேர்வு முறையும் இடிக்கிறது. நன்றாகப் படிப்பவர்கள், தெளிவாகப் பேசுபவர்கள், பெற்றோர் அடிக்கடி பள்ளிக்கு வந்து போகிறவர்கள் என்றே எல்லாப் பள்ளிகளிலும் பேட்ஜ் போகிறது. வாக்குப் பெட்டி வைத்தால் அது பெற்றோரின் போட்டியாகிவிடுகிறது. பாதி இடங்களுக்கு, "யாராவது விடுபட்டால் நம் வகுப்பில் முதலில் கவனிப்பது யார்?" என்று கேட்டுப் பிள்ளைகளிடமே பெயர் வாங்குங்கள். மீதிக்குச் சீட்டுக் குலுக்குங்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர்களே சீட்டுக் குலுக்கினார்கள். நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. பருவத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். இப்போது இருக்கும் 12 பேரின் பேட்ஜை நடுவில் பறிக்காதீர்கள். இந்தப் பருவம் முடியட்டும்.

மற்ற சமயப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். 1963இல் 23ஆம் யோவான் உலக அமைதி பற்றிய மடலை நல்லெண்ணம் கொண்ட அனைவருக்கும் எழுதினார். பள்ளித் திடல் எல்லாருக்கும் பொது.

உண்டியலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு பள்ளியில், தொலைவில் வாழும் ஏழைகளுக்காக மாணவத் தலைவர்கள் வகுப்பு வகுப்பாகச் சென்று காசு சேர்த்ததை நேரில் பார்த்தேன். அதே நேரம் அந்தத் தாழ்வாரத்தில், கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சிறுவன் நின்றிருந்தான். உண்டியல் அவனைக் கடந்து போயிற்று. உண்டியல் ஏந்திய சிறுமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியர் அவளை அவசரப்படுத்தினார். அந்தச் சிறுமி சமூகப் போதனையின் வாசலில் நின்றாள், நாம்தான் இழுத்துக்கொண்டு போய்விட்டோம். நீதியாகக் கொடுக்க வேண்டியதை இரக்கமாகக் கொடுப்பதுபோல் காட்டக் கூடாது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினர் (குருக்களும் துறவியரும் அல்லாத இறைமக்கள்) பணி பற்றிய 1965ஆம் ஆண்டு ஏட்டில் சொல்கிறது. உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்யப் பிள்ளைகள் காசு சேர்க்க வேண்டியதில்லை. கேட்க வேண்டும், பள்ளி செய்ய வேண்டும். உண்டியலை வேறு யாராவது ஏந்தட்டும். பிள்ளைகளின் பேரில் பணம் திரட்ட வரும் வெளியாட்கள், அவர்கள் எந்தப் பெயரோடு வந்தாலும், குழுவை நெருங்க விடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு போவார்கள், கணக்கு வராது.

பிள்ளைகள் முடிவுக்கு விட வேண்டும் என்று இவ்வளவு சொன்னேன். விடக் கூடாத இடம் ஒன்று உண்டு. அதை நிதானமாகப் படியுங்கள். பேட்ஜ் அணிந்த பிள்ளையிடம் சிறு பிள்ளைகள் மனம் திறப்பார்கள். ஒருநாள் ஒரு சிறுமி, வீட்டில் அடிப்பதையோ, யாரோ தொடுவதையோ சொல்லிவிட்டு, "யாரிடமும் சொல்லாதே" என்பாள். ஒன்பது வயதுத் தலைவன் அந்தச் சுமையைத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. குழுவில் வைத்துப் பேசக் கூடாது, நோட்டில் எழுதக் கூடாது. மூன்று வாக்கியங்களை அவன் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்: "நீ சொன்னது நல்லது. இதை ரகசியமாக வைக்க மாட்டேன். வா, டீச்சரிடம் போகலாம்." எந்த டீச்சர் என்பதும் அவனுக்குப் பெயரோடு தெரிய வேண்டும். அந்த டீச்சர் அன்று விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும். பள்ளியில் வேலை செய்யும் ஒருவர்மீதே குறை என்றால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் கூட்டத்திலேயே மூன்று வாக்கியங்களையும் நடித்துப் பழக்குங்கள். ஒவ்வொரு பருவத்திலும் மறுபடி பழக்குங்கள். அதன்பின் பெரியவர்கள் செய்ய வேண்டியதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்கக் கூடாது.

இதோடு சேர்ந்ததுதான்: குழுவைக் காவல்காரர்களாக்காதீர்கள். பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வைத்தால், அதன்பின் எந்தக் குழந்தையும் அவர்களிடம் எதையும் சொல்லாது.

ஆய்வுக்கு என்று கோப்பு தைக்க வேண்டாம். படங்கள், வரவேற்புப் பலகைகள், கையொப்பப் படிவங்கள் என்று ஆசிரியர்களின் மாலைப் பொழுதுகளை இந்த அமைப்பு தின்றுகொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்காக இருக்க வேண்டிய நேரம் அது. பிள்ளைகளின் அந்த ஒரே நோட்டு போதும். பார்த்தது, முடிவு செய்தது, பள்ளி சொன்ன பதில் என்று மூன்று கட்டங்கள். பதில் 'இல்லை' என்றால் காரணமும் எழுதப்பட வேண்டும். காரணம் சொல்லி மறுப்பதும் பிள்ளைகளின் மாண்பை மதிப்பதுதான். சிறுவர்களுக்கும் தங்களுக்கே உரிய திருத்தூதுப் பணி உண்டு என்று அதே 1965ஆம் ஆண்டு ஏடு சொல்கிறது. எனவே ஆய்வாளர் வரும்போது நோட்டைப் பிள்ளைகளே எடுத்துப் போகட்டும், நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். தாழ்ப்பாள் அன்றுவரை சரிசெய்யப்படவில்லை என்றால் அதையும் அவர்கள் சொல்லட்டும்.