தப்பு செய்த கால்பந்து வீரரை கிளப் உடனே நீக்கிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. வீரர் என்பவர் கிளப்பின் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க நியாயமான காரணம் வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. இனி இவரை வைத்து வேலை வாங்கவே முடியாது என்ற அளவுக்கு நம்பிக்கை உடைந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு ஒருநாள் தாமதமாக வந்தால் எச்சரிக்கை, மிஞ்சினால் அபராதம்.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாகப் படலாம். அங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி. பிடிக்காவிட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். ஒப்பந்த வீரரோ கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் நிரந்தர வேலையில் இருப்பவரைப் போல. மெமோ கொடுத்து, பதில் வாங்கி, விசாரித்த பிறகுதான் வேலையை விட்டு அனுப்பலாம்.

இவ்வளவு முறை எதற்கு? ஆடும் வயது பத்துப் பதினைந்து வருடம்தான். நிர்வாகத்தின் கோபத்தில் அதில் ஒரு வருடம் போனால் யார் திருப்பித் தருவார்கள்? கேட்காமல் தண்டிப்பது அநியாயம்.

1995-ல் ரசிகரை எட்டி உதைத்த தன் வீரர் எரிக் கன்டோனாவை இங்கிலாந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் நீக்கவில்லை. அபராதம் போட்டு, ஆடவிடாமல் நிறுத்தி வைத்தது. ஆனால் 2004-ல் கொக்கெய்ன் என்ற போதைப்பொருள் சோதனையில் சிக்கிய தன் வீரர் அட்ரியன் முட்டுவை இன்னொரு இங்கிலாந்து கிளப்பான செல்சி நீக்கியது. கிளப்புக்கு அவர் 1.7 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2008-ல் ஃபிஃபா உத்தரவிட்டது.

ரெட் கார்டு வாங்கினால் வேலை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆட்ட விதிக்கான தண்டனை, அதனால் மட்டும் ஒப்பந்தம் முறியாது.