ஐந்து வருடமாகப் பூக்காத ஆப்பிள்: வெட்டிவிடலாமா?

கேள்வி: 5 வருடங்களுக்கு முன் ஒரு ஆப்பிள் ஒட்டுக் கன்றும் பத்து ஒயின் திராட்சைக் கொடிகளும் ஒரே வியாபாரியிடம் வாங்கி நட்டேன். திராட்சை மூன்றாம் வருடமே காய்த்துவிட்டது. ஆப்பிளின் அட்டையில் ‘குட்டை மரம்’ என்று இருந்தது; இப்போது 12 அடி. வசந்தத்தில் மரம் முழுக்க ஒரே சமயத்தில் தளிர்க்கிறது, பூ மட்டும் இல்லை. குளிர்காலத்தில் இரண்டுக்கும் தவறாமல் கவாத்து செய்கிறேன். மகரந்தத்துக்கு இன்னொரு ரகம் வைக்கச் சொல்கிறார் வியாபாரி, பூ டானிக்கும் தருகிறார். மரத்தை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். டானிக்கும் வேண்டாம். மகரந்தம் என்பது பூ வந்த பிறகு வரும் கவலை. பூவே வராத மரத்துக்குத் துணை மரம் விற்பவர், கல்யாணம் ஆகும் முன்பே தொட்டில் விற்பவர். ஆப்பிளுக்குத் துணை ரகம் தேவைதான், ஆனால் அதை முதல் பூவைப் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

குளிர் போதவில்லையோ என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். நமக்குப் பழக்கமான ஆப்பிள் ரகங்களில் பல 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் கேட்கும். ‘அன்னா’ போன்றவற்றுக்கு 200, 300 மணி நேரமே போதும். குளிர் பற்றாத மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாமதமாகத் தளிர்க்கும், பாதிக் கிளை மொட்டையாக நிற்கும். உங்கள் மரம் ஒரே மூச்சில் தளிர்க்கிறது. ஆகவே குளிரை விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘இரண்டுக்கும் தவறாமல்’ என்ற சொல். திராட்சை, போன வருடத்துக் குச்சியிலிருந்து இந்த வருடம் கிளம்பும் தளிரில் காய்க்கும். அதனால் போன வருட வளர்ச்சியில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கை வெட்டித் தள்ளினாலும் அது சிரித்துக்கொண்டே காய்க்கும். ஆப்பிள் அப்படியில்லை. இரண்டு வருடம் முற்றிய கிளையிலும், அதில் முளைக்கும் விரலளவுக் குட்டைக் குச்சிகளிலும்தான் பூக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் நீங்கள் நுனியைக் கத்தரிக்கிறீர்கள். அது வெட்டிய இடத்திலிருந்து நாலு நெட்டைக் குச்சியை விடுகிறது. அடுத்த வருடம் அவற்றையும் கத்தரிக்கிறீர்கள். எந்தக் குச்சிக்கும் இரண்டு வயது ஆவதில்லை.

இந்தக் குளிர்காலம் ஆப்பிளுக்குக் கத்தரியைத் தொடாதீர்கள். நேராக மேலே போகும் கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கைவாட்டுக்குக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். சாய்ந்த கிளை சீக்கிரம் மொட்டுக் கட்டும். தழைச்சத்து உரத்தையும் நிறுத்துங்கள். பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும் என்பதால் வரும் வசந்தத்தில் ஒன்றும் தெரியாது. அதற்கடுத்த வசந்தத்தில் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. ‘வொர்செஸ்டர் பியர்மெய்ன்’ போன்ற சில ரகங்கள் குச்சியின் நுனியில் பூக்கும். இவற்றைச் சுற்றிலும் நுனி கிள்ளி அழகு பார்த்தால், அந்த வருடப் பூ மொத்தமும் குப்பைக்குப் போய்விடும். உங்களுடையது அந்த வகையா என்று பார்க்க, இலை உதிர்ந்த பின் நுனி மொட்டைத் தொட்டுப் பாருங்கள். பூமொட்டு உருண்டு, பருத்து, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். இலைமொட்டு ஒல்லியாகக் கூர்ந்திருக்கும். குச்சியின் பக்கவாட்டில் இருப்பவை தோலோடு ஒட்டிக் கிடக்கும். நுனியில் பருத்த மொட்டு தெரிந்தால், இனிமேல் நுனியை எப்போதுமே வெட்டாதீர்கள். நெரிசல் கூடினால் ஒரு பழைய கிளையை அடியோடு எடுங்கள். ‘கொஞ்சம்தானே வெட்டினேன்’ என்று இந்த வகை மரத்தின் எதிரே நின்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கொஞ்சம்தான், ஆனால் பூ இருந்த இடம் அது.

சரி, ‘குட்டை மரம்’ விஷயத்துக்கு வருகிறேன். மரம் குட்டையாவது பெரும்பாலும் மேலே ஒட்டிய ரகத்தால் அல்ல, கீழே உள்ள வேர்ச்செடியால். எம்9 என்ற வேர்ச்செடி என்றால் 8, 10 அடியோடு நின்று இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். எம்எம்106 என்றால் 12 அடியைத் தாண்டும். விதைக் கன்றில் ஒட்டியது 20 அடி போகும், பூக்கவே ஏழெட்டு வருடம் ஆகலாம். அட்டையில் இருக்க வேண்டியது இந்தப் பெயர். பிஸ்கட் பாக்கெட்டுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்கச் சொல்கிறார்கள். முப்பது வருடம் நிற்கப்போகும் மரத்துக்குக் காய் குலுங்கும் போட்டோ போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நானே ஒருமுறை ‘குட்டை’ என்ற அட்டையோடு நாற்பது கன்றுகள் வாங்கினேன். நாலாம் வருடம் சில இடுப்பளவு, சில வீட்டுக்கூரை அளவு. விற்றவர் கையிலும் எந்தப் பதிவும் இல்லை. அவரும் யாரிடமோ வாங்கி விற்றவர்தான்.

மரத்தடி மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். ஒட்டிய இடம் சின்ன வீக்கமாக, லேசான வளைவோடு தெரியும். அது மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். புதைந்திருந்தால் மேல் ரகமே தன் வேரை விட்டிருக்கும், குட்டைத்தனம் போய்விடும். அந்த வேர்களை ஒரே நாளில் அறுக்காமல் இரண்டு குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். திராட்சைக் கொடிகளையும் அப்படியே பாருங்கள். 1860களில் பிரான்ஸின் தோட்டங்களை அழிக்கத் தொடங்கிய ஃபிலாக்ஸெரா பூச்சி வேரைத்தான் தின்றது, அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுவதே அதைத் தடுக்கத்தான். ஒட்டு புதைந்து மேல் கொடி வேர் விட்டால் அந்தக் காப்பு வீண்.

வீக்கமே எங்கும் இல்லை என்றால் உங்களுக்கு விற்றது விதைக் கன்று. அப்போதும் வெட்ட வேண்டாம். நல்ல ரகத்தின் குச்சியை அதே மரத்தில் ஒட்டிக்கொள்ளலாம், அந்தக் குச்சியை மட்டும் இதே வியாபாரியிடம் வாங்காதீர்கள்.