மாங்கூழ் ஊரிலிருந்து மீன் டின்னுக்கு

அம்மா, வணக்கம்.

"போச்சம்பள்ளியில பொறந்த பொண்ணு, மீனை டின்னில் அடைக்கிற படிப்புதான் வேணும்னு நிக்கிறா. நாத்தத்துல வேலை பாக்கவா பிளஸ் டூ வரைக்கும் படிக்க வெச்சோம்?" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவள் ஆசை எனக்குப் புதிராகப் படவில்லை. சீசனில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் கூழ் ஃபேக்டரி வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். டின்னில் அடைப்பது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொழில்தானே.

மீனில் கஷ்டம் கூடுதல், அதையும் சொல்லிவிடுகிறேன். மாங்கூழில் புளிப்பு இருப்பதால் கொதிநிலை அளவுச் சூடே போதும். மீனில் அந்தப் புளிப்பு கிடையாது. காற்றில்லாத டின்னுக்குள் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து முளைத்தால் ஆளைக் கொல்லும் விஷம் உண்டாகும். அதனால் ரிட்டார்ட் என்ற பெரிய குக்கரில், நீராவி அழுத்தத்தில் வேக வைப்பார்கள். டின்னின் நடுவில் இருக்கும் மீனுக்கும் 121 டிகிரியில் 3 நிமிடம் வைத்ததற்குச் சமமான சூடு சேர வேண்டும். குறைந்தால் ஆபத்து, கூடினால் மத்தி குழைந்துவிடும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

அப்புறம் மூடி. விளிம்பில் மூடியின் தகடு மூன்று மடிப்பு, டின்னின் தகடு இரண்டு மடிப்பு, ஆக ஐந்து அடுக்கு ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டு நிற்கும். தரம் பார்ப்பவர் அவ்வப்போது ஒரு டின்னை எடுத்து, அந்த மடிப்பை வெட்டிப் பிரித்து, மைக்ரோமீட்டரில் அளப்பார். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலும் கிருமி உள்ளே போய்விடும். இன்னொன்று: சூரை, மத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். எந்தச் சூட்டிலும் அது போகாது. நல்ல டின்னுக்கான வேலை படகிலேயே தொடங்கிவிடுகிறது.

வேலை? நம் நாட்டுக் கடல் உணவு ஏற்றுமதியில் உறைய வைத்த இறால்தான் முதலிடம். மீன் டின் ஆலைகள் குறைவு. அதனால் அதை மட்டுமே நம்பிப் படிக்க வேண்டாம். ஆனால் சூட்டுக் கணக்கும் தரக் கட்டுப்பாடும் கற்றவளுக்கு மாங்கூழ், பால், பாக்கெட் உணவு என்று எங்கும் இடம் உண்டு. ஷிப்ட் இருக்கும், நாள் முழுக்க நிற்க வேண்டும். அதை அவளிடம் முன்னாலேயே சொல்லுங்கள்.

படிப்பு என்றால், தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு 4 ஆண்டு. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவளுக்கு இதுதான் நேர்வழி. 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி கல்லூரியை நான் முதலில் வைப்பேன், துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. பொன்னேரியிலும் கல்லூரி உண்டு. கணிதமும் படித்து ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு எழுதியிருந்தால், தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பம் பார்க்கலாம். மேற்கொண்டு ஆராய்ச்சி என்றால் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சீசன் முடிவதற்குள், தெரிந்தவர் யாரையாவது பிடித்து ஒரு கூழ் ஃபேக்டரிக்கு அவளைக் கூட்டிப் போங்கள். டின் மூடும் இடத்தில் அரை நாள் நிற்கட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்ன பேசினாள் என்று எனக்கு எழுதுங்கள்.