கோடியக்கரையில் அருவி எங்கே என்று கேட்ட அத்தானுக்கும் உங்களுக்கும்

கேள்வி: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் கடலோரக் காடு, வனவிலங்கு, அருவி வரை நடந்து போகும் பாதை எல்லாம் சேர்ந்த தேசியப் பூங்கா ஏதாவது இருக்கிறதா? குழந்தைகளோடு இரண்டு நாள் போய்வர வேண்டும்.

முதலில் அருவியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். காவிரி தன் குதியாட்டத்தை எல்லாம் சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் முடித்துக்கொண்டுதான் எங்கள் பக்கம் வருகிறது. தஞ்சாவூரே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர்தான். அங்கிருந்து கடல் வரைக்கும் தண்ணீர் படுத்துக்கொண்டே போகிறது.

தேசியப் பூங்காவும் கிடையாது. தமிழ்நாட்டில் உள்ள ஐந்தும் கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. ஒன்றும் டெல்டாவில் வராது. நீங்கள் தேடுவதற்கு இங்கே மிக அருகில் வருவது கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம். 1967இல் அறிவிக்கப்பட்டது. 2002இல் அதைச் சுற்றியுள்ள சதுப்பு நிலமும் முத்துப்பேட்டைக் காயலும் சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் அதுதான். பூங்கா, சரணாலயம் என்ற பெயர் வித்தியாசத்தால் பார்க்கப் போகிற நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நேரம் தெரியாமல் போனால்தான் நஷ்டம். அதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். அக்காவைத் தென்காசியில் கொடுத்திருக்கிறோம். அத்தான் குற்றாலச் சாரலில் வளர்ந்தவர். காடு என்றால் மலை, மலை என்றால் அருவி, அருவி என்றால் குளியல். அவரை ஒரு மே மாதம், கத்திரி வெயிலில், காலைச் சாப்பாடெல்லாம் முடித்து நிதானமாகக் கிளப்பிக் கோடியக்கரைக்கு அழைத்துப்போனேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. "மாப்ள, காடுன்னு சொன்னே, முள்ளுக்காடுன்னு சொல்லலையே" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இது பார்த்தவுடன் மயக்குகிற காடு இல்லை. கடற்காற்றில் குனிந்து வளர்ந்த மரங்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கிளை பரப்பிப் பின்னிக்கொண்டு நிற்கும். இதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். பெயரைக் கேட்டால் குழப்பமாக இருக்கும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மீதி மாதங்கள் உலர்வு. ஆனாலும் பாலை, காசான் போன்ற மரங்கள் தோல் மாதிரி தடித்த இலைகளை வைத்துக்கொண்டு கோடையிலும் பச்சையாகவே இருக்கும். கீழே காரை, களா என்று முள். மண்ணைப் பார்த்தால் சுத்தமான கடல் மணல்.

அன்றைக்கு நாங்கள் பார்த்தது மட்டக்குதிரைகள் நாலைந்து. வீட்டில் வளர்த்த குதிரைகள் காட்டில் விடப்பட்டுப் பெருகிய கூட்டம் அது. அப்புறம் குரங்கு. பார்த்தோம் என்பதைவிட அதுதான் எங்களைப் பார்த்தது. அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம் பையோடு மரத்துக்குப் போய்விட்டது. காட்டிலேயே உயரமான இடம் என்று ராமர் பாதத்துக்குக் கூட்டிப்போனேன். அது ஒரு மணல்மேடு, மேலே இரண்டு பாதச் சுவடுகள் வைத்த சின்ன மண்டபம். அத்தான் ஏறி முடிக்கும் முன்பே, "எப்ப மாப்ள மலை வரும்?" என்றார். அந்தப் பயணத்தில் அவருக்குப் பிடித்தது சாலையோரம் வாங்கிய பாலைப் பழம் மட்டும்தான். மஞ்சளாக, வேப்பம்பழம் அளவில், தேன் மாதிரி இனிக்கும். அதிகம் தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க விடாது. அவர் நிறையத் தின்றார். திரும்பி வரும் வழி அமைதியாக இருந்தது.

அடுத்த தடவை ஜனவரியில் போனோம். பொங்கல் முடிந்த வாரம். முதல் நாள் இரவே வேதாரண்யத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, விடியும் முன்பு கிளம்பிவிட்டோம். அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வழிகாட்ட உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். அத்தானின் வெள்ளைச் சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே ஒரு பழுப்புத் துண்டைப் போர்த்திக்கொள்ளச் சொன்னார்.

காட்டைத் தாண்டினால் திடீரென்று வெட்டவெளி. புல்தரை, ஓரத்தில் உவர்மண், அதற்கப்பால் வானம். இந்த ஊரின் பெரிய சொத்து இந்தப் புல்வெளியில்தான் இருக்கிறது. அதுதான் வெளிமான். பெயரிலேயே 'வெளி' இருக்கிறது பாருங்கள், அடர்ந்த காட்டுக்குள் அது நிற்காது. புல்வாய், இரலை என்றும் சொல்வார்கள். வளர்ந்த ஆணுக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்ட திருகாணி மாதிரிக் கொம்பு. பெண்ணும் குட்டியும் காய்ந்த புல் நிறம். சட்டப்படி புலிக்கு உள்ள அதே உச்சப் பாதுகாப்பு இதற்கும் உண்டு.

அத்தான் கைபேசியை நீட்டிக்கொண்டு நேரே நடக்க ஆரம்பித்தார். பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "சார், அதைப் பார்த்துப் போவாதீங்க. வேற எங்கயோ சோலியா போறாப்ல போங்க." அத்தானும் கடலுக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாய்வாக நடந்தார். மான்கள் மேய்ச்சலை நிறுத்தவில்லை. கல்லெறி தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவு பக்கத்தில் போய்விட்டார். அப்புறம் எதற்கோ ஒரு பெண்மான் மிரண்டு எகிறியது. பின்னால் வந்த அத்தனையும் அதே இடத்துக்கு வந்ததும் எகிறின. அங்கே தாண்டுவதற்கு ஒன்றுமே இல்லை, வெறும் தரை. அக்கா பிள்ளைகள் இரண்டும் அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் புல்வெளியைத்தான் சீமைக் கருவை நாலு பக்கமும் நெருக்குகிறது. போதாததற்கு, மட்டக்குதிரைகளும் அதே புல்லைத்தான் மேய்கின்றன. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். காட்டில் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, மானும் குதிரையும் செத்துக் கரை ஒதுங்கின. எங்கள் ஊரில் தென்னை போனதைத்தான் எல்லாரும் பேசினோம். காட்டைப் பற்றிப் பேச யாருக்கும் தெம்பில்லை.

பறவைக்கு வருகிறேன். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை சதுப்பில் பறவைகள் இருக்கும். உள்ளான் வகைகள் சைபீரியா வரையிலான வடக்கிலிருந்து வருகின்றன, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன உடம்பை வைத்துக்கொண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்குவரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிப்பது பூநாரை. பலர் செங்கால் நாரை என்று சொல்வார்கள், அது வேறு பறவை. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் உப்புநீரை வடிகட்டிச் சாப்பிடும். அந்த நீரிலுள்ள பாசியும் சின்ன இறால்களும்தான் அதற்கு ரோஜா நிறம் கொடுக்கின்றன. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம். பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் வெளுத்த கோடு ஒன்று தெரியும், அவ்வளவுதான். இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள்.

கடற்கரையையும் ஒருமுறை பாருங்கள். தெற்கே இறங்கி வரும் கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் முனை. ஜனவரி தொடங்கி, பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறது. குஞ்சு விடும் நாள் வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

சரி, அருவி. அதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் முத்துப்பேட்டைக்குப் போங்கள். ஜாம்புவானோடையில் படகு ஏறினால் அலையாத்திக் காட்டுக்குள் ஆற்றோடு போய்க் காயலைத் தொடலாம். இரண்டு கரையிலும் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டது மாதிரி மூச்சு வேர்கள் எழுந்து நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. கொடுவா, மடவை, இறால், நண்டு எல்லாம் இந்த வேர்களுக்கிடையில்தான் குஞ்சாக வளர்கின்றன. இந்தக் காட்டுக்கு உப்புத் தண்ணீர் மட்டும் போதாது, மேலேயிருந்து நல்ல தண்ணீரும் வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறையக் குறைய உப்பு ஏறும், உப்பைத் தாங்கும் மரம் மட்டும் மிஞ்சும். இங்கே கண்ணுக்கு எட்டிய வரை அலையாத்தி என்ற ஒரே மரமாகவே தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த நல்ல தண்ணீர் வரும் ஆறுகளில் இரண்டு கோரையாறும் பாமணியாறும். இரண்டும் வெண்ணாற்றிலிருந்து பிரிவது நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில். தஞ்சாவூர் திரும்பும் வழியில் ஒரு பத்து நிமிடம் அங்கே நில்லுங்கள். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள், அதனால் பொங்கல் சமயத்தில் பெரும்பாலும் தண்ணீர் ஓடும். சட்ரஸ் என்று நாங்கள் சொல்லும் மதகு வழியாக அது இரைந்துகொண்டு விழுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பாலத்தின் மேல் நின்று மட்டும். கீழே சுழல் இருக்கும், குளிக்க இறங்கவே கூடாது. அத்தான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில படகுல போனோமே, அங்கயா போவுது இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உசரம் பத்தாது மாப்ள" என்றார், ஆனாலும் உடனே கிளம்பவில்லை.

இனி ஏற்பாடு. ஜனவரி, பிப்ரவரி தான் நல்லது. நவம்பர், டிசம்பரில் மழையும் புயலும் திட்டத்தைக் கெடுக்கும். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் ஆதிசேது என்கிற கோடியக்கரைக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வரும், அன்று காட்டைப் பார்க்க நினைக்காதீர்கள். ரயிலில் வருவதானால் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023இல் திறந்துவிட்டார்கள். பழைய மீட்டர்கேஜ் காலத்தில் கோடியக்கரை வரைக்கும் ரயிலே போனது. அகஸ்தியம்பள்ளியில் உப்பளமும், 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்ததன் நினைவுத் தூணும் உண்டு, அரை மணி நேரம் ஒதுக்கலாம். நுழைவு நேரமும் படகும் முன்கூட்டியே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப்போங்கள். சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு வையுங்கள்.