தனியார் சீனப்பள்ளிதான் வேண்டுமா? பட்டர்வொர்த் பெற்றோருக்கு ஒரு பதில்

அன்புள்ள பெற்றோருக்கு,

சீன ஆரம்பப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகனை எந்த இடைநிலைப்பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தையும், உடன் அனுப்பிய தேர்ச்சி அறிக்கைகளையும் படித்தேன். ஆறு ஆண்டுகள் படித்த சீனம் வீணாகிவிடுமோ என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால், தம் மகள் தனியார் சீனப்பள்ளியில் படித்துச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம்பிடித்ததை வாரந்தோறும் தொலைபேசியில் சொல்லும் ஜொகூர்ப் பெரியப்பாவின் பேச்சைக் கேட்டு, வீட்டுக்கடன் இருக்கும்போதே இன்னொரு கடனுக்கு நீங்கள் தயாராவது சரியல்ல.

அவர் பெருமையாகப் பேசும் அந்தக் கௌரவம் அண்மையில் வந்தது. உங்கள் பினாங்கு மாநிலத்துச் சுங் லிங் சீனப்பள்ளியின் வரலாற்றையே பாருங்கள். சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென்னின் ஆதரவாளர்கள் பினாங்கில் தொடங்கிய வாசிப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 1917-இல் நிறுவிய அப்பள்ளி, 1923-இல் இடைநிலைப்பள்ளியாகி, பின்னர் ஆயர் ஈத்தாமுக்கு இடம்பெயர்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. 1956-இல் நிபந்தனைகளோடு வந்த அரசு மானியத்தை நிர்வாகம் ஏற்றபோது மாணவர்களே எதிர்த்துக் கிளர்ந்தார்கள். 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சீன இடைநிலைப்பள்ளிகளுக்கு இரண்டே வழிகளை விட்டுவைத்தது: பயிற்றுமொழியை மாற்றிக்கொண்டு அரசு உதவி பெறுவது, அல்லது சீனத்தையே வைத்துக்கொண்டு சொந்தக் காலில் நிற்பது. 1962-இல் சுங் லிங் தனியார் பள்ளி தனியே உருவானது. இன்று ஒரே பெயரில் இரு வகைப் பள்ளிகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். அறுபதுகளில் வயது கடந்தவர்களும் தேர்வில் தவறியவர்களும் போய்ச் சேரும் இடமென்றே பல தனியார் சீனப்பள்ளிகளைப் பற்றிப் பேசினார்கள். 1973-இல் பேராக்கில் எழுந்த மறுமலர்ச்சி இயக்கமும், தனியார் சீனப்பள்ளிகளுக்கென 1975-இல் தொடங்கிய யூ.இ.சி. பொதுத்தேர்வும்தான் அவற்றை நிமிர்த்தின. இது சீனச் சமூகம் தன் சொந்தக் காசில் செய்த சாதனை. அதை நான் மதிக்கிறேன். மதிப்பு வேறு, உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்பது வேறு.

மெட்ரிகுலேஷன், தனியார் கல்லூரி போன்ற எல்லோருக்கும் தெரிந்த வழிகளை இங்கே விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இடம்பெறாத தேசிய வகை இடைநிலைப்பள்ளியைப் பற்றித்தான் பேச வேண்டும். மேலே சொன்ன இரு வழிகளில் அரசு உதவியைத் தேர்ந்த சீனப்பள்ளிகளின் வகை இது. மலேசியாவில் ஏறத்தாழ எண்பது இருக்கின்றன. பட்டர்வொர்த்திலேயே சுங் லிங் பெயரில் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. நிலமும் கட்டடமும் பெரும்பாலும் பழைய நிர்வாக வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பாடங்கள் தேசிய மொழியான மலாயில் நடக்கும், சில பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும். சீனம் ஐந்தாம் படிவம் வரை கட்டாயப் பாடம். ஆகவே ஆறாண்டு உழைப்பு எங்கும் போகாது. பள்ளி முடிந்தபின் சீன இசைக்குழு, தூரிகை எழுத்து, பேண்டு வாத்தியக் குழு என்று வளாகம் மாலைவரை உயிரோடு இருக்கும். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்குத் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம், வெளியே வகுப்புக்குப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. அதன்பின் ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. முடிவில், மிகக் குறைந்த செலவில் எஸ்.டி.பி.எம். என்ற பல்கலைக்கழக நுழைவுச் சான்றிதழ். அதை உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. வெளிநாடுகளிலும் அதற்கு மதிப்புண்டு. யூ.இ.சி.யைச் சிங்கப்பூரும் தைவானும் வரவேற்கின்றன என்பது உண்மையே. ஆனால் அச்சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நம் அரசுப் பல்கலைக்கழகத்தில் நுழையும் வழி பல்லாண்டுகளாகவே அரசியல் வாக்குவாதத்தில் சிக்கிக் கிடக்கிறது. அதனால் தனியார் சீனப்பள்ளி மாணவர்களில் பலர் யூ.இ.சி., எஸ்.பி.எம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள், இரட்டைச் சுமை.

இந்த வழியிலும் இடர்கள் உண்டு. எஸ்.பி.எம். சீனமொழித் தாளில் ‘ஏ’ வாங்குவது கடினம் என்று சீனப் பிள்ளைகளே முணுமுணுக்கிறார்கள். பெயர்பெற்ற பள்ளிகளில் இடம் கேட்போர் மிகுதி. தேசிய மொழியில் தேர்ச்சி போதாத பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முந்திய புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருக்க நேர்வதும் காலங்காலமாக இருந்துவந்த வழக்கம்.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் சம்பளத்தில், அரசு ஆசிரியர் சம்பளம் கொடுக்காத பள்ளியில் ஆறு ஆண்டுகள் கட்டணம் கட்டுவதென்றால், கட்டட நிதி, புத்தகம், பேருந்து, டியூஷன் என்று ஒவ்வொன்றும் மேலேறும். இரண்டு ஆண்டுகளில் மகளும் அதே வாசலில் வந்து நிற்பாள். வற்புறுத்தும் உறவினர் அதில் எவ்வளவு பங்கு ஏற்பார் என்று ஒருமுறை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள், தம்பி குடும்பத்தின் மீதுள்ள அக்கறை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

உங்கள் மகனின் விருப்பமும் இதில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய அறிக்கைகளில் கணிதம் நன்றாகவே இருக்கிறது, தேசிய மொழி பரவாயில்லை, சீனக் கட்டுரை மட்டும் நான்காம் ஆண்டிலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. எல்லாப் பாடங்களையும் சீனத்திலேயே மேலும் ஆறு ஆண்டுகள் எழுதச் சொன்னால், இன்று கையிலிருக்கும் கணிதமும் போய்விடும். தொலைபேசியில் பேசியபோது அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: பள்ளி பேண்டில் டிரம்பெட் ஊத விடுவார்களா? இரவு ஒன்பது மணிவரை டியூஷனில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதற்கு நேரம் ஏது? அவன் ஆசையை விளையாட்டுப் பேச்சாகத் தள்ளிவிடாதீர்கள்.

இம்மாதமே பட்டர்வொர்த் சுங் லிங் தேசிய வகைப் பள்ளியின் அலுவலகத்துக்கு நேரில் சென்று, முதலாம் படிவச் சேர்க்கைக்கான விண்ணப்பம், கடைசித் தேதி, புகுமுக வகுப்பு விதி ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மகனையும் அழைத்துச் செல்லுங்கள், பேண்டு பயிற்சி நடக்கும் நாளாக இருந்தால் நல்லது. சீன டியூஷனை ஒரு நாளாகக் குறைத்து, மிச்சமாகும் நேரத்தில் தேசிய மொழிக் கட்டுரைப் பயிற்சி கொடுங்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள். புக்கிட் மெர்தாஜாமில் வேறு தேசிய வகைப் பள்ளிகளைப் பார்க்கலாம்.